கசக்குது, சப்புன்னு இருக்குது, சீறவே இல்லை: ஜின் கிரேப்ஃப்ரூட் கலவைக்குக் கைவைத்தியம்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பங்குனி வெயில் தொடங்கிவிட்டால் எனக்கு இரண்டு வகை போன் வரும். காலையில் வருவது தேங்காய் பறிக்க ஆள் கிடைக்குமா என்று கேட்டு. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் வருவது மச்சான், மாப்பிள்ளை வகையறாவிடமிருந்து: "ஏனுங்க, நீங்க சொன்ன மாதிரியேதான் பண்ணுனேன். வாயில வைக்க முடியலைங்க."

கொச்சியில் ஒரு ஹோட்டல் பாரில் எட்டு வருடம் நின்றவன் நான். இப்போது தென்னந்தோப்புக்குத் திரும்பிவிட்டேன். கள்ளுக்குப் பேர்போன சித்தூர் தாலுகாவில் உட்கார்ந்துகொண்டு ஜின்னைப் பற்றி எழுதுகிறாயே என்று சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கள் மரத்திலிருந்து இறங்கும்போதே அதன் ருசி முடிவாகிவிடுகிறது. ஜின்னையும் கிரேப்ஃப்ரூட்டையும் (பம்ளிமாஸுக்குச் சொந்தமான ஒரு கசப்புப் புளிப்புப் பழம்) சேர்த்துச் செய்யும் இந்தக் கலவையை நாம் கெடுக்கலாம், நாமே திருத்தவும் செய்யலாம். போனில் பத்துப் பேர் அழைத்தால் ஒன்பது பேர் ஜின்னைத்தான் திட்டுகிறார்கள். ஜின் குற்றவாளியாக இருந்ததை நான் அனேகமாகப் பார்த்ததில்லை. பழத்தை உரித்த விதம், ஐஸ், சோடா, இந்த மூன்றில் ஒன்றுதான் மாட்டும்.

கோளாறு பார்க்கும் முன், சரியாக வந்தால் எப்படி இருக்க வேண்டும் என்று தெரிய வேண்டும். ஒரு ஆளுக்கு என் அளவு இது: ஜின் 45 மில்லி, கிரேப்ஃப்ரூட் சாறு 90 மில்லி, எலுமிச்சைச் சாறு 10 மில்லி, சம அளவு சர்க்கரையும் தண்ணீரும் கரைத்த பாகு 15 மில்லி, இரண்டு விரல் நுனியில் எடுத்த உப்பு. இதை ஐஸோடு பத்துப் பன்னிரண்டு விநாடி குலுக்கி, புது ஐஸ் நிறைந்த உயரமான கிளாஸில் வடிகட்டி, மேலே 60 மில்லி சோடா. அளக்கக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். இருமல் மருந்து பாட்டிலோடு வரும் கோடு போட்ட மூடி இருக்கிறதே, அதைக் கழுவி வைத்துக்கொள்ளுங்கள். கண்ணளவில் ஊற்றிவிட்டு எனக்குப் போன் செய்யாதீர்கள், அவ்வளவுதான் கோரிக்கை.

முதல் வாயில் புளிப்பு, நடுவில் லேசான இனிப்பு, விழுங்கியபின் நாக்கின் அடியில் ஒரு மெல்லிய கசப்பு. அந்தக் கடைசிக் கசப்பு இருக்கத்தான் வேண்டும். அது இல்லையென்றால் ஆரஞ்சு ஜூஸே குடித்துவிட்டுப் போகலாம்.

முதல் கேள்வி: மாத்திரை சாப்பிடுகிறீர்களா?

மற்றதெல்லாம் ருசிக் கோளாறு. இது உடம்புக் கோளாறு, அதனால் முதலில். இரத்த அழுத்தத்துக்கும் கொழுப்புக்கும் கொடுக்கும் சில மாத்திரைகளோடு கிரேப்ஃப்ரூட் ஒத்துப்போகாது. பெலோடிபைன், நிபெடிபைன், சிம்வாஸ்டாடின், அட்டோர்வாஸ்டாடின் எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். இந்த மருந்துகளை உடைத்துக் குறைக்கிற ஒரு நொதி குடலில் இருக்கிறது. பழத்திலுள்ள ஃபியூரானோகூமரின் என்ற பொருள் அதை முடக்கிவிடும். மாத்திரை ஒன்றுதான், ஆனால் இரத்தத்தில் சேர்வது இரண்டு மூன்று போட்ட மாதிரி ஆகிவிடும். ஒரே ஒரு கிளாஸின் விளைவு ஒரு நாளைத் தாண்டியும் நிற்கும். ஆகையால் "காலையில மாத்திரை, ராத்திரி ஜூஸ், ஒண்ணும் ஆகாது" என்ற கணக்கு செல்லாது. பம்ளிமாஸிலும் இதே பொருள் உண்டு.

இது வெளிப்பட்ட கதை நம் கிளாஸுக்கு ரொம்ப நெருக்கம். கனடாவில் டேவிட் பெய்லி குழுவினர் பெலோடிபைனும் மதுவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சோதித்தார்கள். மது கலந்திருப்பது ருசியில் தெரியக்கூடாது என்பதற்காக கிரேப்ஃப்ரூட் சாற்றில் கலந்து கொடுத்தார்கள். இரத்தத்தில் மருந்தின் அளவு எதிர்பார்த்ததைவிட எகிறியது. மதுவை மறைக்க ஊற்றிய சாறே காரணம் என்று பிறகுதான் பிடிபட்டது. அந்தச் சோதனையின் முடிவு வெளியானது 1989-இல். மாத்திரை போடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்டபின் மேலே படிக்கவும். கேட்கக் கூச்சமென்றால் எலுமிச்சையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

"கசக்குதுங்க, வேப்பெண்ணெய் குடிச்ச மாதிரி"

அதிகம் வரும் புகார் இதுதான். எப்போது கசக்கிறது என்று கேட்டால் பாதி விடை கிடைத்துவிடும்.

பிழிந்த உடனே சாறே கசந்தால், உரித்ததில் கோளாறு. தோலுக்கு அடியில் பஞ்சு மாதிரி வெள்ளையாக இருப்பதிலும், சுளையை மூடிய சவ்விலும் நரிஞ்சின் என்ற கசப்புப் பொருள் குவிந்திருக்கிறது. என் சின்ன மச்சான் பழத்தை நாலாக அரிந்து, தோலை மட்டும் சீவிவிட்டு, சவ்வு, விதை, வெள்ளை எல்லாவற்றோடும் மிக்ஸியில் ஓடவிட்டான். "சத்து வீணாகக் கூடாதுன்னுதானுங்க மாமா." சத்து வீணாகவில்லை, ஜின் வீணானது.

மிக்ஸி வேண்டாம். எலுமிச்சை பிழியும் மரக்கட்டையில் வைத்து மூச்சைப் பிடித்து அழுத்துவதும் வேண்டாம், கடைசிச் சொட்டுகளில் வருவது சாறல்ல, வெள்ளைப் பகுதியின் கசப்பு. சுளையைப் பிரித்து, சவ்வை விரலால் கிழித்து, உள்ளே இருக்கும் முத்துக்களை மட்டும் டீ வடிகட்டியில் போட்டுக் கரண்டி முதுகால் மெதுவாக அழுத்துங்கள். பம்ளிமாஸில் இது இன்னும் சுலபம், சவ்வு தடிமனாக இருப்பதால் சட்டை கழற்றுவதுபோல் கழன்று வரும். எங்கள் வீட்டில் பம்ளிமாஸைப் பறித்த அன்றே உரிக்கமாட்டோம், ஒரு வாரம் மூலையில் கிடக்கும், தோல் கொஞ்சம் சுருங்கியபின்தான் கத்தி.

பிழிந்தபோது நன்றாக இருந்து, இரண்டு மூன்று மணி நேரம் கழித்துக் கசந்தால் கதை வேறு. விருந்தாளிகள் ராத்திரி வருவார்கள் என்று மத்தியானமே பிழிந்து பிரிட்ஜில் வைத்தவர்களுக்கு இது நடக்கும். பழத்துக்குள் இருக்கும்போது கசக்காத ஒரு பொருள், பிழிந்தபின் சாற்றின் புளிப்பில் மெல்ல மெல்ல லிமோனின் என்ற கசப்பாக மாறுகிறது. பழம் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். ஆனால் மாறியதைத் திருப்ப முடியாது. சுளையை உரித்து முத்துக்களை மூடிவையுங்கள், ஆட்கள் வந்து செருப்பைக் கழற்றும்போது பிழிந்தால் போதும். சாற்றைச் சூடாக்கிப் பாகு காய்ச்சுகிறேன் என்று கிளம்பாதீர்கள், சூடு இந்த மாற்றத்தை விரட்டி வேகப்படுத்தும்.

சாறு மட்டும் நன்றாக இருந்து, கலந்தபின் கசந்தால், பாட்டிலைப் பாருங்கள். சோடாவுக்குப் பதிலாக டானிக் வாட்டர் ஊற்றியிருப்பீர்கள். அதில் கொய்னா இருக்கிறது, மலேரியாவுக்குக் கொடுத்த அதே சின்கோனாப் பட்டைச் சரக்கு. நீலகிரியில் வெள்ளைக்காரன் தோட்டம் போட்டதே அதற்காகத்தான். எலுமிச்சையோடு டானிக் நன்றாகப் போகும். கிரேப்ஃப்ரூட்டோடு சேர்ந்தால் பாகற்காய்க் குழம்புக்கு வெந்தயப் பொடி தூவிய மாதிரி. பிடித்தவர்கள் இருக்கிறார்கள், நான் அந்தக் கட்சி இல்லை. டானிக்தான் வேண்டுமென்றால் அதிலேயே சர்க்கரை இருப்பதால் பாகைப் பாதியாக்கி, சாற்றை 60 மில்லிக்குக் குறையுங்கள். (இதைப் போனில் சொன்னபோது பெரிய மச்சான் மருந்துக்கடைக்குப் போய் டானிக் கேட்டார். இரும்புச்சத்து டானிக் கொடுத்தார்களாம். நல்லவேளை, ஊற்றும் முன் நிறம் பார்த்து மறுபடி போன் செய்தார்.)

சரி, கிளாஸில் ஏற்கெனவே கசப்பு ஏறிவிட்டது, கொட்ட மனசு வரவில்லை. எல்லோரும் முதலில் சர்க்கரை போடுவார்கள். அது கசப்பான பாயசம் ஆகும். உப்பு போடுங்கள். ஒரு சிட்டிகை, கலக்கி, வாயில் வைத்து, தேவைப்பட்டால் இன்னொரு சிட்டிகை. கசப்பை நாக்கு உணர்வதை உப்பு அமுக்கிவிடும், சர்க்கரையைவிட இந்த வேலையில் அது கெட்டிக்காரன். ஜின்னும் கிரேப்ஃப்ரூட்டும் கலந்த கிளாஸின் விளிம்பில் உப்புத் தடவிக் கொடுத்தால் பாரில் அதற்குச் சால்ட்டி டாக் என்று பெயர், உப்பில்லாமல் கொடுத்தால் கிரேஹவுண்ட். அந்த உப்பு வெறும் அலங்காரம் என்று நானும் முதல் வருடம் நினைத்திருந்தேன்.

விளிம்பில் தடவுவதாக இருந்தால் பாதி விளிம்பு மட்டும், அதுவும் வெளிப்பக்கம். முழு வட்டமும் தடவினால் மூன்றாவது வாயில் உப்பெல்லாம் உள்ளே விழுந்து மோர்க்குழம்பாகிவிடும்.

"ஊதாக் கலர்ல இருக்குது"

திராட்சை ஜூஸ் வாங்கியிருக்கிறீர்கள். கிரேப் என்று காதில் விழுந்ததும் கடைக்காரர் எடுத்துக் கொடுத்துவிட்டார். இந்தப் பழம் மரத்தில் கொத்துக் கொத்தாகத் தொங்குவதால் வந்த பெயர் என்பார்கள். திராட்சைக்கும் இதற்கும் வேறு உறவு கிடையாது. இது நம் பம்ளிமாஸுக்கும் சாத்துக்குடிக் குடும்பத்து இனிப்பு ஆரஞ்சுக்கும் பிறந்த பிள்ளை, கரீபியப் பகுதியின் பார்படோஸ் தீவில் பதினெட்டாம் நூற்றாண்டில் முளைத்தது.

அதனால் எனக்குக் கோயம்புத்தூர் போய் இறக்குமதிப் பழம் வாங்கும் கட்டாயம் இல்லை. தாய்ப்பழம் கொல்லையிலேயே காய்க்கிறது. நம் ஆட்கள் பம்ளிமாஸ் என்பதைப் பக்கத்து வீட்டு மலையாளத்தார் கம்பிளி நாரங்கா என்பார்கள், கேட்டால் இரண்டு தூக்கிக் கொடுத்தும் விடுவார்கள். வாங்கி வந்தால் இரண்டு விஷயம் நினைவில் வையுங்கள்: பம்ளிமாஸில் புளிப்புக் குறைவு, சாறும் பழத்தின் பருமனுக்கு ஏற்ற அளவு வராது. எலுமிச்சையை 10-லிருந்து 20 மில்லியாக்கி, பாகை 10-ஆகக் குறைத்தால் கிட்டத்தட்ட அதே இடத்துக்கு வந்துவிடும்.

வேறொரு ஊதா உண்டு. யாரோ சங்குப்பூவை ஜின்னில் ஊறவைத்து நீலமாக்கி, பழச்சாறு விட்டதும் ஊதாவும் ரோஸும் ஆகிவிட்டது என்று பதறினார்கள். பூவின் நிறப்பொருள் புளிப்புப் பட்டால் அப்படித்தான் மாறும், குடிக்கலாம்.

"சப்புன்னு இருக்குது, பழமே தெரியலை"

கசப்புக்கு நேர் எதிர். இது வந்தால் மூன்று சோதனை, இதே வரிசையில்.

கிளாஸிலிருந்து ஒரு கரண்டி எடுத்து அதில் இரண்டு சொட்டு எலுமிச்சை விட்டுப் பாருங்கள். உயிர் வந்தால் புளிப்புதான் குறை, மொத்தத்துக்கும் விடுங்கள். வரவில்லையா, இன்னொரு கரண்டியில் துளி உப்பு. அதிலும் வரவில்லையென்றால் குறை நாக்கில் இல்லை, மூக்கில். கிரேப்ஃப்ரூட்டின் வாசம் பெரும்பாலும் மேல்தோலின் எண்ணெயில் இருக்கிறது, சாற்றில் இல்லை. உருளைக்கிழங்கு சீவும் பீலரால் கட்டைவிரல் நீளத்துக்கு மஞ்சள் தோலை மட்டும் சீவி, கிளாஸுக்கு மேலே பிடித்து முறுக்குங்கள். கண்ணுக்குத் தெரியாத சாரல் ஒன்று விழும். விளக்கு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் தெரியவும் தெரியும். அதே தோலால் கிளாஸ் வாயைத் தடவிவிட்டு உள்ளே போடுங்கள். தோலின் பின்பக்கம் வெள்ளை ஒட்டியிருந்தால் மேலே சொன்ன கசப்புக் கதைக்குத் திரும்ப வேண்டியிருக்கும், ஆழமாகச் சீவாதீர்கள். கடையில் வாங்கிய பழத்துக்கு மெழுகு பூசியிருப்பார்கள், வெதுவெதுப்பான தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள்.

டப்பா ஜூஸ் ஊற்றியிருந்தால் இந்தச் சோதனை எல்லாம் பாதிதான் பலிக்கும். டப்பாவின் பின்னால் சர்க்கரை எழுதியிருந்தால் பாகை அடியோடு விட்டுவிடுங்கள்.

"பாதி குடிக்கிறதுக்குள்ள தண்ணியாயிடுது"

பாலக்காட்டுக் கணவாயின் வாயில் இருக்கிறோம். பங்குனி, சித்திரையில் வெயில் நாற்பதைத் தொட்டு நிற்கும், ராத்திரி எட்டு மணிக்குக்கூட மொட்டைமாடித் தரை சுடும். ஐஸ் உருகாமல் என்ன செய்யும் என்பார்கள். உருகட்டும், உருகினால்தான் குளிர்ச்சி. ஒரு கிராம் ஐஸ் உருக 80 கலோரி வெப்பத்தைச் சுற்றியிருப்பதிலிருந்து உறிஞ்சுகிறது, கலவையைக் குளிர்விப்பதே அந்த உருகல்தான். கேள்வி எவ்வளவு உருகுகிறது என்பது.

இதில் பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். தண்ணியாகிவிடும் என்று பயந்து இரண்டே இரண்டு கட்டி போடுகிறார்கள். அறைச் சூட்டிலிருக்கும் ஜின், அறைச் சூட்டிலிருக்கும் சாறு, சூடான கிளாஸ், மூன்றையும் அந்த இரண்டு கட்டிகள் குளிர்விக்கப் பார்த்துத் தோற்றுப்போய் முழுசாகக் கரைந்துவிடுகின்றன. கிளாஸ் நிறைய ஐஸ் போட்டால் ஒன்றையொன்று குளிரவைத்துக்கொண்டு மெதுவாக உருகும். எல்லாவற்றையும் முதலிலேயே குளிரவைத்தால் ஐஸின் வேலை இன்னும் குறையும். ஜின் பாட்டிலை ராத்திரியே பிரீசரில் வைக்கலாம். 42.8 சதவீதச் சரக்கு வீட்டுப் பிரீசரில் உறையாது, எண்ணெய் மாதிரி கொழகொழப்பாகும், அவ்வளவுதான். சோடாவை அங்கே வைத்துவிடாதீர்கள். தண்ணீர் உறையும்போது பருமன் பெருகும், கண்ணாடி சோடா பாட்டில் வெடித்துப் பிரீசரெல்லாம் சில்லு. நான் வைத்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

பிரிட்ஜோடு வரும் தட்டின் ஐஸ் சின்னது, சீக்கிரம் ஓடிவிடும். குழந்தைக்குச் சட்னி கட்டிக்கொடுக்கும் குட்டி எவர்சில்வர் டப்பாவில் தண்ணீர் உறையவைத்தால் ஒரு கிளாஸுக்கு ஒரே பெரிய கட்டி. பிரீசரிலிருந்து எடுத்த ஐஸ் தட்டிலேயே வேர்த்து நனைந்து கிடந்தால் அந்த நீரை வடித்துவிட்டுப் போடுங்கள். மின்சாரம் போய் வந்த நாளில் ஐஸ் பாதி உருகி மறுபடி ஒட்டியிருக்கும், அது குலுக்க மட்டும் உதவும், கிளாஸுக்கு வேண்டாம்.

குலுக்கிய ஐஸையே கிளாஸிலும் கொட்டுவது இன்னொரு தவறு. அது ஏற்கெனவே உழைத்துக் களைத்த ஐஸ்.

"மத்தி மணக்குது" / "அடியில வெள்ளையா ஏதோ"

இரண்டும் ஐஸ் குற்றம்தான். முதலாவதற்குக் காரணம் பிரிட்ஜில் மூடாமல் வைத்த மீன்குழம்பு. ஐஸ் வாசத்தைக் கூசாமல் வாங்கிக்கொள்ளும். மூடியுள்ள டப்பாவில் உறையவையுங்கள், ஒரு வாரத்துக்கு மேல் பழைய ஐஸைச் செடிக்குப் போடுங்கள்.

இரண்டாவது நம் போர் தண்ணீர். இந்தக் கிழக்குப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு ஏராளம், உறையும்போது அது தனியே ஒதுங்கி, உருகியபின் பொடியாகத் தங்கும். விஷமில்லை. ஆனால் ருசி மந்தமாகும். ஐஸுக்கு மட்டுமாவது கேன் தண்ணீர் ஊற்றுங்கள்.

"சோடா சீறவே இல்லை"

சோடா சூடாக இருந்தது, அல்லது நேற்றுத் திறந்தது, அல்லது அதையும் சேர்த்துக் குலுக்கினீர்கள். மூன்றாவதைச் செய்தவர்களின் கூரையில் ஆதாரம் ஒட்டியிருக்கும். குளிர்ந்த நீரில்தான் வாயு தங்கும். சோடாவை நன்றாகக் குளிரவைத்து, எல்லாம் முடிந்தபின், கிளாஸைச் சாய்த்து ஓரமாக ஊற்றுங்கள். பிறகு நீளக் கரண்டியால் அடியிலிருந்து ஒரே ஒரு தூக்கல். வட்டமாகச் சுற்றிச் சுற்றிக் கலக்கினால் வாயு போய்விடும். சாற்றில் சக்கை நிறைய இருந்தாலும் குமிழிகள் அதைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடும், சோடா விடுவதாக இருந்தால் இரண்டு முறை வடிகட்டுங்கள்.

"அடியில சர்க்கரை நறநறங்குது" / "கருப்பட்டி போட்டேன், கஷாயமாயிருச்சு"

சர்க்கரையை நேராகப் போட்டால் குளிர்ந்த சாற்றிலும் சாராயத்திலும் எளிதில் கரையாது. பாகு செய்து வைத்துக்கொள்ளுங்கள், பிரிட்ஜில் இரண்டு வாரம் இருக்கும்.

கருப்பட்டி விஷயத்தில் எனக்கே ஆசை இருந்தது. பனை நிறைந்த ஊர், கருப்பட்டி இல்லாமல் என்ன பெருமை என்று. மூன்று தடவை செய்து பார்த்தேன். நிறம் வாய்க்கால் தண்ணி. கருப்பட்டியின் புகைவாசமும் கனமும் ஜின்னுக்கு மணம் கொடுக்கும் ஜூனிபர் காயின் வாசத்தை மிதித்துவிடுகின்றன. ரம்மோடு சேர்த்தால் அதுவே ராஜா. இங்கே வெள்ளைச் சர்க்கரை அல்லது கற்கண்டு. ஊர் ருசி கட்டாயம் வேண்டுமென்றால் பாகில் மூன்றில் ஒரு பங்கு நன்னாரி சர்பத் விடுங்கள். நன்னாரியும் கிரேப்ஃப்ரூட்டும் அக்கா தங்கை மாதிரி ஒத்துப்போகும் என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு, மச்சான்மார்கள் மூவரும் இதை மட்டும் ஒத்துக்கொள்கிறார்கள்.

"எரியுது, கண்ணுல தண்ணி வருது"

காந்தாரி மிளகாய். சாலையோரக் குலுக்கி சர்பத்துக் கடையில் பச்சை மிளகாயைக் கீறிப் போடுவதைப் பார்த்துவிட்டு, ஜின் பாட்டிலிலேயே நாலு காந்தாரியைக் கீறிப் போட்டு ஊறவைத்திருக்கிறார் ஒருவர். சர்பத்தில் இருப்பது தண்ணீர், மிளகாயின் காரம் அதில் அவ்வளவாக இறங்காது. சாராயத்தில் நன்றாகக் கரைந்து இறங்கும். அந்த ஜின்னை ஒரு கிளாஸுக்கு ஒரு டீஸ்பூன் என்று மீதிச் சாதா ஜின்னோடு சேர்த்துத்தான் தீர்க்க முடியும். இப்போதைய எரிச்சலுக்குத் தயிர் ஒரு கரண்டி. அடுத்த முறை கீறாத மிளகாய் ஒன்றைக் குலுக்கும்போது மட்டும் போட்டு எடுத்துவிடுங்கள்.

குலுக்கி சர்பத்துக்காரரிடம் கற்க வேண்டியது மிளகாயை அல்ல, கையை. கண்ணாடி டம்ளர் மேல் எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து, தோளுக்கு மேலே தூக்கி, இரண்டு முனைக்கும் ஐஸ் ஓடி முட்டுகிற சத்தம் கேட்கக் குலுக்குகிறார் பாருங்கள், பாரில் எனக்குக் காசு கொடுத்துக் கற்றுக்கொடுத்ததும் அதுதான்.

"டம்ளர் ரெண்டும் ஒட்டிக்கிச்சு, வரலை"

கத்தியை விட்டு நெம்பாதீர்கள். உள்ளே இருந்த காற்று குளிர்ந்து சுருங்கிவிட்டது, வெளிக்காற்று டம்ளரை அமுக்கிப் பிடிக்கிறது. இரண்டும் சேரும் இடத்தில், இடைவெளி அகலமாகத் தெரியும் பக்கமாக, உள்ளங்கை அடிப்பாகத்தால் ஒரு தட்டு. அப்படியும் வராவிட்டால் மேல் டம்ளரைக் குழாய்த் தண்ணீரில் அரை நிமிடம் காட்டுங்கள். எங்கள் ஊர்க் குழாயில் பகலில் வருவதே வெந்நீர்தான்.

"படத்துல ரோஸா இருக்குது, எனக்கு வெளுத்துப் போச்சு"

சிவப்புச் சுளைப் பழத்தின் நிறம் லைகோபீன், தக்காளியின் அதே நிறம். அது தண்ணீரில் கரையாது, சக்கையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். துணியில் வடிகட்டினால் நிறமும் துணியோடு போய்விடும். டீ வடிகட்டியோடு நிறுத்துங்கள். வெள்ளைச் சுளை என்றால் எதுவும் செய்வதற்கில்லை, ரொம்ப ஆசையென்றால் பத்து மாதுளை முத்துக்களை நசுக்கிப் போடலாம்.

"குடிக்கிறப்ப ஒண்ணும் தெரியலைங்க, எந்திரிக்கிறப்பதான்"

ருசியில் வெற்றி, கணக்கில் தோல்வி. குளிர்ச்சியும் புளிப்பும் இனிப்பும் சேர்ந்து சாராயத்தை மறைத்துவிடும். கனடாக்காரர்கள் அந்தச் சாற்றைத் தேர்ந்தெடுத்ததே அதற்குத்தானே. என் அளவில் ஐஸ் நீரும் சேர்ந்து கிளாஸில் கால் லிட்டர், வீரியம் சுமார் 8 சதவீதம், பீரைவிடக் கூடுதல். "45 எதுக்கு, ஒரு லார்ஜாவே விடுவோம்" என்று 60 ஊற்றினால் அந்த ஒரு கிளாஸிலேயே 20 கிராம் சுத்தச் சாராயம். அதை மோர் மாதிரி பத்து நிமிடத்தில் குடித்தால் மோர் மாதிரி இருக்காது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு கிளாஸ், நடுவில் தண்ணீர், கூடவே வயிற்றுக்கு ஏதாவது. வண்டிச் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.

கேரளத்தில் 23 வயது நிறைந்தவர்களுக்குத்தான் மது. அப்புறம் தமிழ்நாட்டு எல்லையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வேலந்தாவளத்திலும் கோபாலபுரத்திலும் வீடு ஒரு மாநிலம், கறிவேப்பிலை வாங்குவது இன்னொரு மாநிலம் என்று பழகிவிட்டோம். பாட்டிலுக்கு அந்தப் பழக்கம் வேண்டாம், சோதனைச்சாவடியில் உறவுமுறை சொல்லித் தப்ப முடியாது.

"ஒண்ணாம் தேதிங்க, ஜின்னு கிடைக்கலை"

கேரளத்தில் மாதத்தின் முதல் நாள் மதுக்கடைக்கு விடுமுறை. ஜின்னை எடுத்துவிட்டு மீதியை மட்டும் கலந்தால் ஏதோ குறையும், அது சாராயத்தின் குறை மட்டுமல்ல, வாசனைச் சரக்கின் குறை. ஜின்னில் ஜூனிபருக்கு அடுத்து அதிகம் சேர்வது நம் அடுப்படிக் கொத்தமல்லி விதை. ஒரு டேபிள்ஸ்பூன் கொத்தமல்லியை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை மட்டும் சூடுகாட்டி, ஒன்றிரண்டாக இடித்து, இரண்டு ஏலக்காய், சுண்டுவிரல் நுனி இஞ்சியோடு கொதிக்கும் பாகில் போட்டு இறக்கி, மூடி, ஆறியபின் வடிகட்டுங்கள். அந்தப் பாகு 20 மில்லி, சாறு 90, எலுமிச்சை 15, உப்பு, சோடாவைக் கொஞ்சம் தாராளமாக 120 மில்லி. மாத்திரை போடும் என் மாமியாருக்கு இதையே கிரேப்ஃப்ரூட்டை விட்டுவிட்டுச் சாத்துக்குடிச் சாற்றில் செய்து கொடுக்கிறோம், அவருக்கு மட்டும் உப்பு வேண்டாம்.